பாக்கு மண்டிக்கு ஒரு லேப்டாப்

சிர்சி
6 ஜூன் 2016

ஸ்ரீபாதா,

போனில் பேசினால் நமக்கு மூன்றாவது நிமிஷம் சண்டை வரும். ஆறு வருஷத்துக்கு முன்னால் கடைசியாகப் பேசியபோது முதல் நிமிஷத்திலேயே வந்தது. அதோடு, வாயால் சொன்னதை நீ மறுநாள் இல்லை என்பாய். அதனால் எழுதுகிறேன். பெங்களூர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தால் காலையில் உனக்குக் கிடைத்துவிடும் என்று உன் அக்கா சொல்கிறாள். மாசம் ஒருமுறை உனக்குப் பலாப்பழ அப்பளம் அப்படித்தான் போகிறதாம். என் வீட்டு அப்பளம் ஆறு வருஷமாக எங்கே போகிறது என்று எனக்கு இன்றுதான் தெரிந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு ஒரு லேப்டாப் வேண்டும்.

பாக்கு மண்டியில் சீட்டில் விலை எழுதிப் பெட்டியில் போடுவது ஜூலை பதினெட்டிலிருந்து கிடையாது. இனி எல்லாரும் கம்ப்யூட்டரில்தான் விலை போட வேண்டும். சொந்தமாக மெஷின் இல்லாதவர்களுக்காக மண்டி ஹாலில் பொதுவாக ஒன்று வைக்கப் போகிறார்கள். அதற்கு வரிசை. வரிசையில் எனக்குப் பின்னால் யார் நிற்பான்? வாமன் காமத் நிற்பான். நான் ஒற்றை விரலால் ஒவ்வொரு எண்ணாகத் தேடி அடிக்க வேண்டும். நான் ஐந்தாவது எண்ணைக் கண்டுபிடிப்பதற்குள் அவன் அதற்கு மேல் பத்து ரூபாய் வைப்பது என்று முடிவு பண்ணிவிடுவான்.

முப்பத்தோரு வருஷம் நான் பிழைத்தது, மதியம் இரண்டரை மணி வரைக்கும் என் விலை என் மண்டைக்குள்ளேயே இருந்ததால்தான். அது வெளியே தெரிந்துவிட்டால் நான் வியாபாரி இல்லை, மண்டிக்கு வேடிக்கை பார்க்க வருகிறவன்.

எது உழைக்கும், எது விலை குறைவு, எது பாதியில் காலை வாராது, இவ்வளவுதான் எனக்குத் தெரிய வேண்டும். உபதேசம் வேண்டாம்.

மாபலேஷ்வர ஹெக்டே

—

எஸ்.பி. ரோடு, பெங்களூர்
9 ஜூன்

பாவா,

ஆறு வருஷம் கழித்து உங்கள் கையெழுத்தில் ஒரு உறை. அக்காவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று கடை நடுவிலேயே உட்கார்ந்துவிட்டேன். இனி முதல் வரியில் 'எல்லோரும் சுகம்' என்று போட்டுவிட்டுப் பிறகு திட்டுங்கள்.

உங்களிடம் வேலை பார்த்த கடைசி நாளில், மண்டி நடுவில், காமத்திலிருந்து மூட்டை தூக்குகிறவர்கள் வரை அத்தனை பேரும் கேட்க, "உனக்குத் தரம் பாக்கற கண்ணே இல்லடா, போய் மாடு மேய்"னு சொன்னீர்கள். நான் மாடு மேய்க்கவில்லை. பெரிய கம்பெனிகள் மூன்று வருஷம் ஓட்டிவிட்டுக் கழிக்கிற லேப்டாப்களை மொத்தமாக வாங்கி, தரம் பிரித்து விற்கிறேன். தரம் பிரித்து. இரண்டாவது முறை எழுதியிருப்பது கைதவறி இல்லை.

இப்போது வியாபாரம். நீங்கள் அதில் படம் பார்க்கப் போவதில்லை, விளையாடப் போவதில்லை. விலை போடுவீர்கள், நாலு கடிதம் அடிப்பீர்கள். அதனால் பளபளப்புக்குக் காசு கொடுக்காதீர்கள். வேண்டியது இவ்வளவு: விரலுக்கு அழுத்தமாக இருக்கிற கீபோர்டு. மூடித் திறந்தால் ஆடாத கீல். சுற்றுகிற பழைய டிஸ்க் இல்லாமல் அசையாத புது மாதிரி டிஸ்க். அது இருந்தால் பழைய மெஷின்கூடப் பறக்கும். எல்லாவற்றுக்கும் மேல், நம் ஊர் மழைக்காலத்துக் கரண்டை நம்பாத பேட்டரி. நாலு மணி நேரமாவது தாங்க வேண்டும்.

இத்தனையும் கம்பெனியில் ஓடின மெஷினில் கிடைக்கும். பதினேழாயிரத்து ஐநூறு. அக்கா வீட்டுக்காரர் என்று ஒரு ரூபாய் குறைக்க மாட்டேன்.

ஸ்ரீபாத

—

சிர்சி
13 ஜூன்

ஸ்ரீபாதா,

எல்லோரும் சுகம். இப்போது திட்டுகிறேன்.

இன்னொருவன் மூன்று வருஷம் தட்டித் தேய்த்த சாமானை எனக்குத் தலையில் கட்டப் பார்க்கிறாயா? அவன் அதன் மேல் காபி கொட்டினானா, பக்கத்தில் வைத்து மீன் தின்றானா, யார் கண்டது? எச்சில் இலையைத் துடைத்துப் போட்டுவிட்டு இலை புதுசு என்கிறாய்.

நம் ஊரிலேயே பேருந்து நிலையத்துக்கு எதிரில் ஒரு புதுக் கடை திறந்திருக்கிறார்கள். போய்ப் பார்த்தேன். புத்தம் புதுசு, பெட்டி பிரிக்காதது, பத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு. பை இலவசம். நீலக் கலர். கடைக்காரப் பையன், "சார், இதோட மெமரி எவ்ளோ தெரியுமா? உங்க ஆயுசு பூரா போட்டோ வைக்கலாம்"ங்கிறான்.

"என்கிட்ட மொத்தமே ஏழு போட்டோதான் இருக்கு, அதுல மூணு ரேஷன் கார்டுக்கு எடுத்தது"ன்னேன்.

"அப்போ சினிமா பாருங்க சார்"ங்கிறான்.

மூடியைத் தொட்டுப் பார்த்தேன். அப்பளம் மாதிரி வளைந்தது. திறக்கிற பட்டனை அமுக்கினான். திரை வருவதற்குள் நான் வெளியே போய்த் தேநீர் குடித்துவிட்டு வந்தேன், இன்னும் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. ஆனாலும் புதுசு. ஒரு வருஷம் கியாரண்டி எழுத்தில் தருகிறான். நீ என்ன தருவாய்?

நாள் ஓடுகிறது. மழை பிடித்துவிட்டது. ஹாலில் அந்தப் பொது மெஷினைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். காமத் நேற்றே போய் எந்த இடத்தில் நின்றால் திரை நன்றாகத் தெரியும் என்று பார்த்துவிட்டு வந்திருக்கிறான்.

மா. ஹெக்டே

—

எஸ்.பி. ரோடு
16 ஜூன்

பாவா,

தேநீர் குடித்துவிட்டு வந்தும் வட்டம் சுற்றியது என்று நீங்களே எழுதிவிட்டு, என்னிடம் என்ன கேட்கிறீர்கள்? உங்கள் டெண்டர் இரண்டரைக்கு முடியும்போது அந்த நீலக் கலர் இன்னும் கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்கும்.

விஷயம் எளிது. இருபதாயிரத்துக்குப் புதுசு செய்கிறவன் எங்கே மிச்சம் பிடிக்கிறான்? கீலில், கீபோர்டில், டிஸ்கில், பேட்டரியில். நீங்கள் தினமும் தொடுகிற இடமெல்லாம் அதுதான். கம்பெனிக்காரன் எழுபதாயிரம் கொடுத்து வாங்கினது அப்படி இல்லை. காபி கொட்டினால் கீழே வடிந்து போக ஓட்டை வைத்திருப்பார்கள். மீனுக்கு ஓட்டை இல்லை, அதற்கு நான் பொறுப்பில்லை.

வாதம் போதும். கண்டக்டரிடம் ஒன்று கொடுத்தனுப்பியிருக்கிறேன். பத்து நாள் வைத்துப் பாருங்கள். பிடித்தால் பணம், பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்புங்கள். ஆறு மாசம் கியாரண்டி, எழுத்தில், உள்ளே வைத்திருக்கிறேன். பேட்டரி புதுசு. ஒரே ஒரு நிபந்தனை: அடியில் ஒரு ஸ்குரூ மேல் என் கடை சீல் ஒட்டியிருக்கும். அது கிழியக் கூடாது. கிழிந்தால் கியாரண்டி கிடையாது. படித்தீர்களா? இன்னொருமுறை படியுங்கள்.

ஸ்ரீபாத

—

சிர்சி
24 ஜூன்

ஸ்ரீபாதா,

எல்லோரும் சுகம். சீல் கிழிந்துவிட்டது. தானாகக் கிழியவில்லை, நான்தான் கிழித்தேன்.

குதிக்காதே, கேள். பாக்கு மூட்டை வாங்குகிறவன் என்ன செய்வான்? அடியிலிருந்து ஒரு பிடி அள்ளி, நாலு பாக்கை இரண்டாக வெட்டி உள்ளே பார்ப்பான். வெட்ட விடாத மூட்டையை நான் வாங்கினதில்லை. பதினேழாயிரத்து ஐநூறு ரூபாய்க்கு ஒரு சாமானை அனுப்பிவிட்டு, அதன் அடியில் 'பிரிக்காதே' என்று ஒட்டி வைத்தால் எனக்கு என்ன தோன்றும்? பிரிக்கத்தான் தோன்றும்.

பாக்கு வெட்டுகிற கத்தி நுனியாலேயே பன்னிரண்டு ஸ்குரூவும் கழன்று வந்தது. சாக்கு விரித்து, எல்லாவற்றையும் எடுத்த வரிசையில் வைத்தேன். உன் அக்கா வந்து, "ஐயோ, என்ன இது, அதை மீன் மாதிரி ஆஞ்சு வச்சிருக்கீங்க!" என்று கத்தினாள். மீனே நுழையாத இந்த வீட்டில் அவளுக்கு மீன் எப்படி ஆய்வார்கள் என்று எங்கே தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. திரும்ப மூட்டினேன். ஒரு ஸ்குரூ மிச்சம். மெஷின் ஓடுகிறது.

உள்ளே சுத்தமாக இருந்தது, அதை ஒத்துக்கொள்கிறேன். கீல் நல்ல கீல். கீபோர்டு என் விரலுக்கே பிடிக்கிறது. பத்து எண்ணுவதற்குள் திரை வருகிறது.

ஆனால் பேட்டரி நாற்பது நிமிஷத்தில் செத்தது. ஒருமுறை இல்லை, மூன்று முறை கடிகாரம் வைத்துப் பார்த்தேன். பிறகு பேட்டரியைக் கழற்றி அதன் லேபிளை நகத்தால் ஓரத்தில் கிளப்பினேன். அடியில் இன்னொரு லேபிள். மேலே 2016, அடியில் 2011. பழைய மூட்டைக்குப் புது முத்திரை தைக்கிற வேலை சிர்சியில் எத்தனை பேர் செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். எஸ்.பி. ரோட்டிலும் செய்கிறார்கள் என்று இப்போது தெரிகிறது.

உன் அக்காவிடம் இதைச் சொல்லவில்லை. நீயே சொல்.

மா. ஹெக்டே

—

எஸ்.பி. ரோடு
26 ஜூன்

பாவா,

இரண்டு முறை படியுங்கள் என்று எழுதினேனே! கத்தி நுனியால் திறந்தீர்களா? அதுவும் பாக்குக் கறை ஏறின கத்தியால்? ஒரு ஸ்குரூ மிச்சம் என்று சிரித்துக்கொண்டே எழுதுகிறீர்கள். அது எந்த ஸ்குரூ என்று யாருக்குத் தெரியும்?

நான் ஏமாற்றுகிறவன் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்போது கண் இல்லாதவன், இப்போது நாணயம் இல்லாதவன். அடுத்து என்ன? என் கடையில் ஒட்டின லேபிள் இல்லை அது. நாற்பது மெஷின் ஒரே லாட்டாக வந்தது, பேட்டரி எல்லாம் புதுசு என்று விற்றவர் சொன்னார், நானும் திறந்து பார்த்துத்தான் வாங்கினேன். நீங்கள்தான் கழற்றி மாட்டும்போது எதையோ கெடுத்திருப்பீர்கள். மெஷினைத் திருப்பி அனுப்புங்கள். பணம் வேண்டாம். போய் நீலக் கலரையே வாங்கிக்கொள்ளுங்கள்.

ஸ்ரீபாத

—

எஸ்.பி. ரோடு
29 ஜூன்

பாவா,

போன கடிதத்துக்கு உங்கள் பதில் வரும் முன்பே இதை எழுதுகிறேன்.

அதை அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தேன். வேலை ஓடவில்லை. லாட்டில் மிச்சமிருந்த முப்பதையும் மேஜையில் அடுக்கி, ஒவ்வொரு பேட்டரி லேபிளையும் நகத்தால் கிளப்பினேன். பத்தொன்பதில் அடியில் இன்னொரு லேபிள் இருந்தது. 2011, 2012.

நான் திறந்து பார்த்து வாங்கினேன் என்று எழுதியது பொய் இல்லை. நாற்பதில் மூன்றைப் பார்த்தேன். அவர் எடுத்துக் கொடுத்த மூன்றை. நானாக அடியிலிருந்து எடுக்கவில்லை. இதை உங்களிடம் எழுதுவதைவிட மண்டி நடுவில் இன்னொருமுறை திட்டு வாங்கலாம்.

உங்களுடையது போக ஒன்பது ஏற்கெனவே விற்றுவிட்டேன். ஒன்பது பேரையும் போனில் கூப்பிட்டேன். ஒருவர், கல்லூரியில் படிக்கிற பெண்ணின் அப்பா, "இதை நீங்களே கூப்பிட்டுச் சொல்றீங்களா? என்ன தந்திரம் இது?" என்று கேட்டார். எல்லாருக்கும் என் செலவில் நல்ல பேட்டரி மாற்றுகிறேன். விற்றவரிடம் போய்ச் சண்டை போட்டேன். "எல்லாரும் அப்படித்தானே தம்பி வாங்கறாங்க" என்றார். இனி அவரிடம் வாங்க மாட்டேன்.

உங்களுக்கு இதே கண்டக்டரிடம் வேறொரு பேட்டரி வருகிறது. நானே நாலரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தது. காலி ஆகும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அதில் சீல் கிடையாது. எதை வேண்டுமானாலும் கிளப்பிப் பாருங்கள்.

ஒரு ஸ்குரூ மிச்சம் என்றீர்களே, நீளமா குட்டையா? குட்டை என்றால் டிஸ்க் மூடியுடையது, மாட்டிவிடுங்கள். நீளம் என்றால் உடனே எழுதுங்கள்.

ஸ்ரீபாத

—

சிர்சி
4 ஜூலை

ஸ்ரீபாதா,

எல்லோரும் சுகம். குட்டை. மாட்டிவிட்டேன்.

அன்று மண்டியில் நான் உன்னைத் திட்டியதும் இதே தப்புக்குத்தான். தோட்டக்காரன் நீட்டின பாக்கைப் பார்த்துவிட்டு இருபத்திரண்டு மூட்டையை எடுத்துக்கொண்டாய். அன்று நீ, "எல்லாம் சரியாத்தான் பாத்தேன்" என்று என்னோடு மல்லுக்கு நின்றாய். இன்று யாரும் கேட்காமல் நீயாக முப்பதையும் கிளப்பிப் பார்த்து எழுதியிருக்கிறாய். ஒன்பது பேரைக் கூப்பிட்டதை உன் அக்காவிடம் சொன்னேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். பாத்திரம் கழுவுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. கழுவ அங்கே பாத்திரம் இல்லை.

அன்று நான் சொன்னதை உன்னைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். அவ்வளவுதான், இதைப் பிடித்துக்கொண்டு நாலு பக்கம் எழுதாதே.

புது பேட்டரி நாலு மணி பத்து நிமிஷம். நீ நாலரை என்றாய். இருபது நிமிஷத்துக்கு விலையில் குறை. பதினேழாயிரத்து இருநூறு தருவேன்.

மா. ஹெக்டே

—

எஸ்.பி. ரோடு
7 ஜூலை

பாவா,

மழைக்காலத்தில் சார்ஜ் மெதுவாக ஏறும், முழுசாக ஏற்றிவிட்டு அளந்திருக்க மாட்டீர்கள். பதினேழாயிரத்து ஐநூறு. அதில் ஒரு ரூபாய் குறைந்தாலும் அக்காவிடம் சொல்வேன்.

பாஸ்வேர்டுக்கு உங்கள் பிறந்த வருஷம் போடாதீர்கள், மண்டியில் எல்லாருக்கும் தெரியும். இரண்டரை வரைக்கும் போட்ட விலையை மாற்றிக்கொள்ளலாம் என்கிறார்கள், அதனால் போட்டு முடித்ததும் வெளியே வந்துவிடுங்கள், திரையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போகாதீர்கள். இணைய டாங்கிளை மழை படாமல் ஜன்னல் பக்கம் வையுங்கள்.

மேலே பணம் கேட்டு எழுதியிருக்கிறேன், ஆனால் விற்பது எனக்கு முதல்முறையாகப் பயமாக இருக்கிறது. பதினெட்டாம் தேதி அது பாதியில் நின்றால் நீங்கள் என்னை மன்னித்தாலும் நான் மாட்டேன்.

ஸ்ரீபாத

—

சிர்சி
24 ஜூலை

ஸ்ரீபாதா,

எல்லோரும் சுகம். மெஷின் நிற்கவில்லை. நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பதினெட்டாம் தேதி காலையில் பதினோரு லாட்டையும் வெட்டிப் பார்த்துவிட்டு வந்து, பன்னிரண்டரைக்கு மண்டியில் என் கடை அறையில் கதவைச் சாத்திக்கொண்டு விலை போட்டு முடித்தேன். ஒற்றை விரல்தான். பின்னால் யாரும் இல்லை. முப்பத்தோரு வருஷத்தில் இவ்வளவு நிம்மதியாக நான் டெண்டர் போட்டதில்லை. அது அரை மணி நேரம் நீடித்தது.

ஒரு மணிக்கு மின்கம்பி மேல் மரம் சாய்ந்தது. மண்டி முழுக்கக் கரண்ட் போனது. ஹால் மெஷின் யு.பி.எஸ்.ஸில் பத்து நிமிஷம் கீச்சிட்டுவிட்டு அணைந்தது. ஜெனரேட்டர் புகை விட்டது, இருமியது, நின்றது. புதுசாகப் பெரிய பெரிய கம்ப்யூட்டர் வாங்கி மேஜை மேல் வைத்தவர்கள் எல்லாரும் அதன் கறுப்பு முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒன்றே முக்காலுக்கு என் வாசலில் குடையோடு காமத்.

"ஹெக்டே, உங்க மெஷின் உயிரோட இருக்கா?"

"இருக்கு."

"ஒரு அஞ்சு நிமிஷம் குடுங்க. ஒரு லாட்டுக்குக்கூட விலை போடல."

"உம்ம விலைய என் மெஷின்லயா போடப் போறீர்?"

"வேற வழி? எனக்கென்ன ஆசையா, ஓய்!"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவன் இல்லாத டெண்டரில் அத்தனையும் எனக்குத்தான். ஆனால் அவனுக்குப் பின்னால் படியில் இன்னும் நாலு பேர் நனைந்துகொண்டு நின்றார்கள். அதில் இரண்டு பேரோடு நான் முப்பது வருஷமாக ஒரே பெஞ்சில் உட்கார்ந்து தேநீர் குடிக்கிறேன். சரி, உட்காரும் என்றேன்.

நான் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன், திரைக்கு முதுகுப் பக்கம். ஆனால் அவனுக்குப் பின்னால் கண்ணாடி அலமாரி. அதில் திரை தெரிந்தது. தலைகீழாக இல்லை, இடம் வலமாக மாறி. இரண்டு, ஏழு. அடுத்த எண்ணுக்கு அவன் விரல் தேடுகிறது. இன்னும் மூன்று எண் தெரிந்தால் போதும். அவன் போனதும் என் விலையை ஐந்து ரூபாய் ஏற்றி வைக்கலாம், யாருக்கும் தெரியாது. நான் காமத்தைப் பற்றி உனக்கு என்ன என்ன எழுதினேன் என்று அப்போது ஞாபகம் வந்தது. எழுந்தேன்.

"எங்க போறீங்க?"

"உள்ள தாழ்ப்பாள் போட்டுக்கும். எத்தனை நேரம் ஆனாலும் ஆகட்டும்."

வெளியே போய்க் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொருவனாக உள்ளே போனான், தாழ்ப்பாள் போட்டான், வந்தான். இரண்டு இருபத்தெட்டுக்கு ஐந்தாவது ஆள் வெளியே வந்தான். உன் பேட்டரி அப்போதும் பாதிக்கு மேல் மிச்சம் வைத்திருந்தது, பாழாய்ப் போனது.

நல்ல லாட்டு, எனக்கு இந்தச் சீசனுக்கே வேண்டியிருந்த லாட்டு, குவிண்டாலுக்குப் பதினொரு ரூபாய் வித்தியாசத்தில் காமத்துக்குப் போனது. என் மெஷினில், என் நாற்காலியில், என் டாங்கிளில்.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். மறுநாள் கரண்ட் வந்துவிட்டது. ஒரு மணிக்கு ஐந்து பேரும் என் வாசலில் நிற்கிறார்கள். "கரண்ட்தான் வந்துடுச்சே, உங்க உங்க கடையில போடுங்களேன்"னேன். "அங்க ஆளாளுக்கு எட்டிப் பாக்கறாங்க ஹெக்டே. உங்க ரூம்தான் பத்திரம். நீங்க வெளிய போயிடுவீங்கல்ல" என்கிறான் காமத். மூன்றாம் நாள் ஆறு பேர். நேற்று எட்டு பேர். என் விலையை மறைத்து வைக்க நான் லேப்டாப் வாங்கினேன். இப்போது மண்டியில் பாதிப் பேர் தங்கள் விலையை என் அறையில் மறைத்து வைக்கிறார்கள். தினமும் ஒரு மணியிலிருந்து இரண்டரை வரைக்கும் நான் என் சொந்தக் கடைக்கு வெளியே மழையில் வாட்ச்மேன் மாதிரி நிற்கிறேன். உன் அக்கா சாப்பாட்டை அங்கேயே கொண்டுவந்து கொடுக்கிறாள், சிரித்துக்கொண்டே.

யார் பார்த்து எடுத்த மெஷின் என்று கேட்டார்கள். என் மைத்துனன் என்றேன். மண்டி நடுவில்தான் சொன்னேன், எல்லாரும் கேட்க.

எட்டு மெஷின் வேண்டும். எட்டையும் நீயே திறந்து பார்த்து எடுத்து, பஸ்ஸில் அனுப்பாமல் நீயே கொண்டு வா. வெள்ளிக்கிழமைக்குள் வா. எனக்குச் சளி பிடித்துவிட்டது.

பணம் பதினேழாயிரத்து ஐநூறு இதோடு இருக்கிறது. எண்ணிப் பார்த்துக்கொள்.

மா. ஹெக்டே